பசையில்லாமல் பின்னிய ஐந்து நான்முகிகள்

வேளச்சேரியில் சாதாரண ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கலர் ஏ4 தாள் பத்து, ஒரு ஸ்கேல், ஒரு கட்டர். செலவு அவ்வளவுதான். ஐந்து நிறம், நிறத்துக்கு இரண்டு தாள். ஒவ்வொன்றிலும் 21 செ.மீ. சதுரம் எடுத்து மூன்றாக நறுக்கினால், 7 செ.மீ. அகலத்தில் 30 பட்டைகள் கிடைக்கும். பசை வேண்டாம், நூலும் வேண்டாம். அந்தப் பட்டைகளே ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, கழற்றிப் பிரித்தாலொழிய விலகாத ஐந்து நான்முகிகளாக நிற்கும். அமெரிக்கக் கணிதவியலாளர் டாம் ஹல் வடிவமைத்த இந்த உருவம், மாடுலர் ஓரிகாமியில் பின்னல் வகைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது.

பட்டையை மடிக்கும் முறை சிங்கப்பூர்க் கலைஞர் பிரான்சிஸ் ஓவுடையது. அதன் உயிர்நாடி 60 பாகைக் கோணம். கோணமானி இல்லாமலே அது வரும்: ஒரு விளிம்பின் ஒரு முனையை அசையாமல் பிடித்து, மறுமுனையை அந்த விளிம்பின் பாதித் தூரத்தில் உள்ள மடிப்புக்கோட்டில் கொண்டுபோய் வைத்தால், விளிம்பு சரியாக 60 பாகை திரும்பியிருக்கும்.

இந்த வித்தைக்குச் சென்னையில் பழைய உறவு உண்டு. தண்டலம் சுந்தர ராவ் 1893இல் மதராஸில் வெளியிட்ட காகித மடிப்பு வடிவியல் நூல், சதுரத் தாளிலிருந்து சமபக்க முக்கோணம் எடுப்பதை இதே தர்க்கத்தில்தான் காட்டுகிறது. குழந்தைகளுக்கான கிண்டர்கார்ட்டன் மடிப்புத் தாள்களே அவருக்குத் தூண்டுதல். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் அந்த நூலைக் குறிப்பிட்டு எழுத, 1901இல் சிகாகோவிலும் அது பதிப்பானது. மதராஸில் அச்சான ஒரு கணித நூலுக்கு அந்நாளில் இது எவ்வளவு பெரிய பயணம்!

மடிப்பு எளிது, கோப்பதுதான் சோதனை. கூடை முடைபவருக்கு வளையும் ஓலை உண்டு. இங்கே ஒவ்வொரு துண்டும் விறைப்பானது. ஒரு நான்முகியை முழுதாகச் செய்து இன்னொன்றுக்குள் நுழைக்க வழியில்லை. முதல் நான்முகி முடிந்ததும், அடுத்ததன் ஆறு துண்டுகளையும் அதற்குள்ளேயே செருகி மூட வேண்டும். ஒன்றின் மூலை மற்றதன் முகத்து ஓட்டை வழியே வெளியே எட்டிப் பார்த்தால் இரண்டாவது சரி. மூன்றாவதில்தான் பலரும் திணறுகிறார்கள்.

கைகொடுப்பது சமச்சீர். ஐந்து நான்முகிகளின் 20 மூலைகளும் ஒரு பன்னிருமுகியின் 20 மூலைகளில் அமர்கின்றன. எந்த மூலைக்கும் நேர் பின்னால் இருப்பது வேறு நிற மூலை. ஐந்து நிறங்களில் அமையக்கூடிய பத்து ஜோடிகளும் ஒவ்வொரு முறை வந்துவிடும். ஜோடியில் சேராத மூன்று நிறங்களும் அந்த மூலையைச் சுற்றி ஒரே திசையில் சுழல்போல் தழுவி நிற்கும். எங்காவது சுழல் திசை மாறினால், தவறு அந்த இடத்தில்தான்.

சுழல் இடமாகவும் அமையலாம், வலமாகவும் அமையலாம். இருவர் செய்தவை கண்ணாடிப் பிம்பங்களாக இருந்தால் இரண்டுமே சரி. பட்டம் விடும் மெல்லிய தாள் மட்டும் வேண்டாம், துண்டு துவண்டுவிடும். பள்ளிக்கரணைப் பக்கத்து மழைக்கால ஈரக்காற்றில் நல்ல தாளே தளர்ந்து போகிறது. மார்ச்சில் செய்தால் மடிப்பு விறைப்பாக நிற்கும்.