அணி பிரியாத வாதம்

சொற்போர் என்றதும் இரண்டு அணிகளும் ஒரு வெற்றியும் நினைவுக்கு வருவது இயல்பு. தலைப்பை ஆதரிப்போர் ஒருபுறம், மறுப்போர் மறுபுறம்; யார் எப்புறம் பேசுவது என்பதைப் பல நேரங்களில் சீட்டுக் குலுக்கலே முடிவுசெய்கிறது. தாம் நம்பாத ஒன்றையும் நம்பியவர்போல் நிலைநாட்டும் திறமை இதனால் வளர்கிறது. அமெரிக்காவின் சிகாகோ நகரிலுள்ள இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தின் மெய்யியல் பேராசிரியர் இராபர்ட் லேடன்சன், 1993ஆம் ஆண்டு தம் மாணவர்களுக்காக வேறுவகைப் போட்டி ஒன்றை வகுத்தார். ‘எதிக்ஸ் பவுல்’ எனப்படும் இந்த அறவாதப் போட்டி, 1997 முதல் தேசிய அளவில் கல்லூரிகளுக்கிடையே நடைபெறுகிறது. பின்னர் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் அது பரவியது.

அறச்சிக்கல் நிறைந்த நிகழ்வுகளின் தொகுப்பு, போட்டிக்குப் பல வாரங்களுக்கு முன்பே அணிகளுக்கு வழங்கப்படும். அவற்றுள் எது, எந்த வினாவுடன் வரும் என்பது அரங்கில்தான் தெரியும். முன்பே எழுதிவந்த குறிப்புகளைப் பார்த்துப் பேசவும் இடமில்லை. தீராநோயுற்ற முதியவர் ஒருவரிடம் உண்மையைக் கூற வேண்டா என அவர்தம் மக்கள் மருத்துவரை வேண்டுகின்றனர் என்று கொள்ளலாம். மருத்துவர் என்ன செய்வது முறை? தன் உடல்நிலையை அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு என முதல் அணி வாதிடுகிறது. இரண்டாம் அணி அதை மறுத்தே ஆகவேண்டும் என்னும் விதி இங்கில்லை. அக்கருத்துக்கு உடன்பட்டுக்கொண்டே, ‘அறியாதிருக்க விரும்பும் உரிமையும் அவருக்கு உண்டன்றோ?’ என அது வினவலாம். அவ்வினா, முதல் அணியின் வாதத்தில் விடுபட்டதைச் சுட்டுகிறது. ‘எந்த அளவுக்கு அறிய விரும்புகிறார் என்பதை நோயாளியிடமே முதலில் கேட்க வேண்டும்’ என அந்த அணி தன் நிலையைத் திருத்திக்கொள்கிறது. வழக்கமான சொற்போரில் இது தோல்வியாகத் தோன்றும். இங்கே நல்ல சிந்தனையின் அடையாளமாக மதிக்கப்படுகிறது.

உயர்நிலைப் பள்ளிப் போட்டியில் மரியாதையான உரையாடலுக்கெனத் தனி மதிப்பெண் உண்டு. மதிப்பெண்ணுக்காகக் காட்டும் பணிவு மெய்யானதா என்னும் ஐயம் எழாமலில்லை. எதிரணியைப் புகழ்ந்துவிட்டு அதன் கருத்தைத் தொடாமலே நகரும் அணியும் இருக்கக்கூடும். எனினும், பிறர் கூறியதைச் சிதைக்காமல் எடுத்துரைத்து அதற்கு விடைகூறுவதை நடிப்பது எளிதன்று. நடிப்பதற்கும் முதலில் செவிகொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

நிறைவாக நடுவர்கள் வினாக்களைத் தொடுப்பர். அவர்களுள் மெய்யியல் அறிஞர்களோடு வழக்குரைஞர், மருத்துவர் முதலிய பிற துறையினரும் இடம்பெறுவதுண்டு. நோயாளியின் உரிமை பற்றிப் பேசிய பள்ளி மாணவர், அத்தகைய முடிவுகளை அன்றாடம் எடுக்கும் ஒருவரின் வினாவுக்கே விடைகூற நேரலாம்.