காற்றும் ஒரு பக்கவாத்தியம்

மார்கழி விடியலில், ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கோயிலில் போடும் திருப்பாவை நம் வீட்டு வாசல் வரை வந்து கேட்கும். எம்.எல். வசந்தகுமாரியின் குரல் என்று அடையாளம் சொல்லிவிடலாம். எத்தனையாவது பாசுரம் என்பதுகூடப் புரியும். காலை ஒன்பது மணிக்கு அதே கோயில், அதே ஒலிபெருக்கி, அதே சத்தம். ஆனால் நம் தெருவுக்கு எதுவும் வந்து சேராது.

அதிகாலையில் ஊர் அடங்கிக் கிடக்கிறது, வண்டிச் சத்தம் இல்லை, அதனால் கேட்கிறது என்று சொல்லிவிடலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அது பாதிக் காரணம். மீதிப் பாதி, பாட்டைச் சுமந்து வரும் காற்றில் இருக்கிறது.

வளைந்து இறங்கும் ஒலி

காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. பூஜ்யம் டிகிரி செல்சியஸில் நொடிக்குச் சுமார் 331 மீட்டர். வெப்பம் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் வேகம் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரியில் 343 மீட்டர், 30 டிகிரியில் 349 மீட்டர். இந்தச் சின்ன வித்தியாசம்தான் மார்கழியின் ரகசியம்.

பகலில் வெயில் முதலில் தரையைச் சூடாக்குகிறது. தரை, தன்னை ஒட்டியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. மேலே போகப் போகக் குளிர்ச்சி. மார்கழி இரவில் இது தலைகீழாகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்துவிட்ட இரவுகளில், தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளிக்கு விட்டுவிடுகிறது. மறித்துத் திருப்பி அனுப்ப மேகம் இல்லை. கலக்கிவிடக் காற்றோட்டமும் இல்லை. விடியும் நேரத்தில் தரையை ஒட்டிய காற்று சில்லிட்டிருக்கும். அதற்குமேல் சில பத்து மீட்டர் முதல் நூறு, இருநூறு மீட்டர் உயரம் வரை இதமான காற்று இருக்கும். வானிலை அறிவியலில் இதற்கு வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்று பெயர்.

மாடவீதியில் பஜனை கோஷ்டி ஒன்று கைகோத்து வரிசையாக நடந்து போவதாக வைத்துக்கொள்வோம். வரிசையின் ஒரு முனையில் இருப்பவர்கள் வேகமாக நடந்தால், மெதுவாக நடப்பவர்கள் இருக்கும் பக்கமாக வரிசையே திரும்பிவிடும். ஒலி அலையும் அப்படித்தான். அலையின் மேல்பகுதி இதமான காற்றில் வேகமாக ஓடுகிறது. கீழ்ப்பகுதி குளிர்ந்த காற்றில் பின்தங்குகிறது. அதனால் வானத்தை நோக்கிப் போக வேண்டிய ஒலியும் வளைந்து தரைக்கே இறங்குகிறது. பகலில் இதற்கு நேர்மாறாக, அலை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. ஒலிபெருக்கியிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி, ஒலி எட்டாத ஒரு நிழல் விழுகிறது. அந்த நிழலுக்குள் ஒலி 20 டெசிபல்கூடக் குறைந்துபோகலாம். ஆற்றல் கணக்கில் அது நூறில் ஒரு பங்கு.

பனிமூட்டம் பற்றிய பழைய சண்டை

மூடுபனி ஒலியைத் தடுக்கும் என்பது ஐரோப்பாவில் வெகுகாலம் இருந்த நம்பிக்கை. கப்பல்களுக்கு அபாய ஒலி எழுப்பும் நிலையங்களுக்கு இது உயிர் காக்கும் கேள்வி. 1873இல் இயற்பியலாளர் ஜான் டின்டால் இங்கிலாந்தின் டோவர் அருகே சவுத் ஃபோர்லேண்டில் ஊதுகுழல்களையும் பீரங்கிகளையும் வைத்து, கடலில் படகில் போய்க் கேட்டுச் சோதித்தார். கிடைத்த முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. பளிச்சென்று வெயிலடித்த நாளில் ஒலி கொஞ்ச தூரத்திலேயே அடங்கிப்போனது. மூடுபனி நாளில் வெகுதூரம் கேட்டது. பனியோ மழையோ ஒலிக்குக் குறிப்பிடத்தக்க தடை அல்ல என்று அவர் நிறுவினார். வெயில் நாளில் ஒலி அடங்குவதற்கு, கண்ணுக்குத் தெரியாத 'ஒலி மேகங்கள்' அதைச் சிதறடிப்பதே காரணம் என்று அவர் கருதினார். அடுத்த ஆண்டே ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற மற்றோர் அறிவியலாளர், வெப்பநிலை வேறுபாட்டால் ஒலி வளைகிறது என்ற விளக்கத்தை முன்வைத்தார். நம் கோயில் பாட்டுக்கும் அந்த விளக்கமே பொருந்துகிறது. பாட்டைத் தூக்கி வருவது பனித்துளி அல்ல; பனி இறங்கும் இரவில் உருவாகும் காற்றடுக்கு.

இந்தக் காற்றடுக்கைக் கண்ணால் பார்க்க முடியும் ஒரு நாளும் நமக்கு உண்டு: போகி. மார்கழியின் கடைசி நாள் விடிகாலையில் எரிக்கும் பழம்பாயும் டயரும் கிளப்பும் புகை, கொஞ்ச உயரம் எழுந்ததும் மேலே போக வழியில்லாமல் பக்கவாட்டில் பரவுகிறது. கீழே இருக்கும் குளிர்ந்த காற்று கனமானது. மேலே இருக்கும் இதமான காற்று அதற்கு மூடி போட்டுவிடுகிறது. போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாவதற்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அன்று தனியாகக் காற்றின் தரத்தை அளப்பதற்கும் இந்த மூடிக்குக் கீழே சிக்கும் புகைதான் காரணம். பாட்டை நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பதும், புகையை நம் மூக்கருகே நிறுத்துவதும் ஒரே அடுக்கு.

தூரம் தரும் குழைவு

தொலைவிலிருந்து வரும் பாட்டில் ஒரு மிருது இருக்கிறது. பக்கத்தில் போய் நின்றால் ஜால்ரா காதைக் கூசும். நம் வாசலில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. குரலும் தம்பூராவின் ரீங்காரமும் மட்டும் மிஞ்சியிருக்கும். காற்று எல்லாச் சுரங்களையும் ஒரே மாதிரி கடத்துவதில்லை. 20 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள், 500 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 3 டெசிபலைக் காற்று உறிஞ்சிக்கொள்கிறது. 4,000 ஹெர்ட்ஸ் ஒலியில் உறிஞ்சுவதோ சுமார் 23 டெசிபல். கூர்மையான ஒலிகள் வழியிலேயே கரைந்துவிடுகின்றன. இடையிடையே பாட்டு தேய்ந்து மறுபடி தெளிவதற்குக் காரணம், வழியில் நெளியும் சின்னச் சின்ன காற்றுச் சுழல்கள். நாம் ரசிக்கும் அந்தக் குழைவில் காற்றின் கைவேலை பெரும்பங்கு.

மேடையில் சுருதி படும் பாடு

1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. இன்றைய டிசம்பர் சீசனின் வேர் அங்கே இருக்கிறது. அந்த சீசனில் குளிர்காற்றும் சபாவின் ஏசியும் வாத்தியங்களை ஆளுக்கொரு திசையில் இழுக்கின்றன.

புல்லாங்குழலின் சுருதி அதனுள் இருக்கும் காற்றில் ஒலி ஓடும் வேகத்தைப் பொறுத்தது. குழலுக்குள் காற்று 30 டிகிரியிலிருந்து 20க்கு இறங்கினால், ஷட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருதி இறங்கிவிடும். வாசிப்பவரின் மூச்சு வெப்பம் இதில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. வயலின், வீணையின் உலோகத் தந்திகள் குளிரில் சுருங்கி விறைப்பதால் அவற்றின் சுருதி ஏறுகிறது. குழல் இறங்க, தந்தி ஏற, நடுவில் பாடகர் நிற்கிறார்.

மிருதங்கத்துக்குக் குளிரைவிட ஈரம்தான் பெரிய விஷயம். வெளியே ஈரக்காற்றில் தளர்ந்த தோல், ஏசியின் வறண்ட காற்றில் இறுகிச் சுருதி கூடும். இடப்பக்கத் தொப்பியில் ஒட்டிய ஈர ரவை உலர ஆரம்பிக்கும். முதல் உருப்படி முடிவதற்குள் வித்வான் கல்லை எடுத்து விளிம்புப் பின்னலைத் தட்டிச் சரிபார்ப்பதை முன்வரிசையில் இருப்பவர்கள் தினமும் பார்க்கலாம். வலப்பக்கத்தின் நடுவே இருக்கும் கருஞ்சாந்துதான் அந்தத் தோலை இசைத்தன்மையோடு ஒலிக்க வைக்கிறது என்பதை சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழிலும், பிறகு 1934இல் விரிவான ஆய்வுக் கட்டுரையிலும் விளக்கினார். சாதாரணத் தோல்முரசின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இரைச்சலாகும். கருஞ்சாந்தின் எடை, அவற்றை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது.

பருவமும் பாட்டும்

வானிலைக்கேற்ற பாட்டை மனம் தேடுகிறதா? பிரிட்டனில் 1953 முதல் 2019 வரை விற்பனைப் பட்டியலில் இடம்பெற்ற பாடல்களை ஆய்வாளர்கள் வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். வெயிலும் வெப்பமும் மிகுந்த காலத்தில் துள்ளலும் உற்சாகமும் கொண்ட பாடல்கள் மேலேறின; மழைக்காலத்தில் அவை குறைந்தன. சோகமான, மெதுவான பாடல்களுக்கு வானிலையோடு அப்படி உறவு தென்படவில்லை. சோகம் எல்லாப் பருவத்துக்கும் பொது என்று தோன்றுகிறது.

மார்கழியின் கணக்கு இன்னும் பழையது. திருப்பாவையின் முப்பது பாசுரங்கள், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டுகளில், ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும், ஒரே நேரத்தில், ஒரே குளிரில் நம் காதில் விழுகின்றன. கோலமாவு வாசனை, ஈரத்தரை, வெண்பொங்கல் எல்லாம் அந்த மெட்டோடு சேர்ந்தே நினைவில் பதிகின்றன. வெயில் கொளுத்தும் மே மாதத்தில் அந்தப் பாட்டைக் கேட்டாலும் உடம்பு ஒரு நொடி குளிரைத் தேடுவது இதனால்தான்.

ஒலிபெருக்கிக்கு ஒரு வேண்டுகோள்

இந்த அறிவியல் நம்மிடம் ஒரு பொறுப்பையும் கொடுக்கிறது. பகலில் வைத்த அளவிலேயே விடிகாலையிலும் ஒலிபெருக்கியை விட்டால், பகலில் ஒலி நிழலில் இருந்த வீடுகளுக்கெல்லாம் பல மடங்கு சத்தம் போய்ச் சேரும். அங்கே கைக்குழந்தை இருக்கலாம், இரவுப் பணி முடித்து அப்போதுதான் படுத்தவர் இருக்கலாம், நோயாளி இருக்கலாம். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலை வரம்பாக வைத்து, அந்நேர ஒலிபெருக்கிகளுக்கும் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன.

பக்திக்கு இதனால் குறைவில்லை. பாபநாசம் சிவன் மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி பஜனை நடத்தியபோது, நடந்துபோகிறவர்களின் குரலே தெருவை நிறைத்தது. குளிர்ந்த விடியலின் காற்று இயல்பிலேயே நல்ல ஒலிபெருக்கி. அதற்கு வேலை கொடுத்துவிட்டு, மின்சார ஒலிபெருக்கியின் திருகைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும். பாட்டு போய்ச் சேர வேண்டிய வீடுகளுக்குப் போய்ச் சேரும்; கேட்பவர்களும் அடுத்த மார்கழிக்காகக் காத்திருப்பார்கள்.