இந்தியாவில் மருந்தாய்வு அனுமதிச் சீர்திருத்தங்கள்

இந்தியாவில் மருந்தாய்வு அனுமதிச் சீர்திருத்தங்கள் என்பன, புதிய மருந்துகளை மனிதரிடம் சோதித்தறியும் ஆய்வுகளுக்கு (கிளினிக்கல் டிரையல்) அனுமதி பெறுவதில் உள்ள நிருவாகத் தடைகளைக் குறைக்க இந்திய நடுவண் அரசு செய்துவந்துள்ள விதி மாற்றங்களைக் குறிக்கும். 2005 ஆம் ஆண்டின் தளர்வு, 2013 ஆம் ஆண்டின் கட்டுப்பாடுகள், 2019 ஆம் ஆண்டின் புதிய விதிகள் ஆகியன இவ்வரலாற்றின் மூன்று முதன்மைக் கட்டங்கள் ஆகும். தடை எனப்படுபவற்றுள் சில, கோப்புகள் தேங்குவதால் ஏற்படும் வெறும் காலதாமதம். வேறு சில, ஆய்வுக்கு உட்படுவோரின் உயிரைக் காக்க வைக்கப்பட்டவை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இச்சீர்திருத்தங்களின் மையச் சிக்கலாக இருந்துவந்துள்ளது.

பின்னணி

மருந்தாய்வுகள் பொதுவாக நான்கு கட்டங்களாக நடைபெறுகின்றன. முதற் கட்டத்தில் மிகச் சிலரிடம் மருந்தின் பாதுகாப்பும் உடல் தாங்கும் அளவும் அறியப்படுகின்றன. இரண்டாம் கட்டத்தில் குறைந்த எண்ணிக்கையிலான நோயாளரிடமும், மூன்றாம் கட்டத்தில் பெருந்தொகையான நோயாளரிடமும் மருந்தின் பயன் சோதிக்கப்படுகின்றது. நான்காம் கட்டம் மருந்து விற்பனைக்கு வந்த பின்னர் நடைபெறுவது.

இந்தியாவில் புதிய மருந்தொன்றைச் சோதிக்க இருவகை ஒப்புதல் தேவை. ஒன்று, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைவரான மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலர் வழங்கும் அனுமதி. மற்றையது, ஆய்வு நடைபெறும் இடத்துக்குரிய நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். அனுமதி தாமதமாகும்போது நிறுவனங்களுக்குச் செலவு கூடுகிறது. வேறு மருந்து இல்லாத நோயாளருக்கோ அது இழந்த காலமாகிறது.

2005 ஆம் ஆண்டின் தளர்வு

1940 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளில், 1988 ஆம் ஆண்டு 'அட்டவணை ஒய்' சேர்க்கப்பட்டது. இதன்படி, வெளிநாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்தின் ஆய்வு, அங்கு நடந்து முடிந்த கட்டத்துக்கு ஒரு கட்டம் பின்தங்கியே இந்தியாவில் நடைபெற இயலும். வெளிநாட்டு மருந்துகளுக்கு இந்திய மக்கள் முதற் சோதனைக் களமாகிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

2005 ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பின்தங்கலை நீக்கியது. இரண்டாம், மூன்றாம் கட்ட ஆய்வுகள் பிற நாடுகளில் நடக்கும் அதே காலத்தில் இந்தியாவிலும் நடைபெறலாயின. 2007-08 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் புதிய மருந்துகளின் ஆய்வுகளுக்குச் சேவை வரி விலக்கும் அறிவிக்கப்பட்டது.

ஆய்வுகளைப் பொதுமக்கள் அறியும் வண்ணம் பதிவு செய்வதற்காக, 2007 சூலை 20 அன்று இந்திய மருந்தாய்வுப் பதிவேடு தொடங்கப்பட்டது. இதில் பதிவு செய்வது 2009 சூன் 15 முதல் கட்டாயமாக்கப்பட்டது.

பாதிப்புகளும் 2013 ஆம் ஆண்டின் கட்டுப்பாடுகளும்

ஆய்வுகள் பெருகிய அளவுக்குக் கண்காணிப்பு வளரவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2009 ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வடோதரா மாவட்டத்திலும் சிறுமியருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி இடும் திட்டம் ஒன்று நடைபெற்றது. அதில் பங்கேற்றோருள் எழுவர் இறந்ததை அடுத்து, 2010 ஏப்பிரலில் அது நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என விசாரணைக் குழு கருதியது. எனினும் ஒப்புதல் பெற்ற முறையில் கடும் குறைகள் வெளிப்பட்டன. விடுதிகளில் தங்கிப் பயின்ற சிறுமியர் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரே கையொப்பமிட்டிருந்தனர்.

2012 ஆம் ஆண்டு இந்தோரைச் சேர்ந்த சுவாசுத்திய அதிகார் மஞ்ச் என்னும் அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 2005 முதல் 2012 வரை மருந்தாய்வுகளின்போது 2,644 பேர் இறந்ததாகவும், அவற்றுள் 80 இறப்புகள் ஆய்வினால் நேர்ந்தவை எனவும் அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இதன் விளைவாக 2013 ஆம் ஆண்டு சனவரி, பெப்ரவரி மாதங்களில் மூன்று விதித் திருத்தங்கள் வெளியாயின. ஆய்வினால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு, அனுமதிக்கான நிபந்தனைகள், நெறிமுறைக் குழுக்களின் கட்டாயப் பதிவு ஆகியவை அவற்றின் பொருள். ஒப்புதல் பெறுவதை ஒலி, ஒளிப் பதிவு செய்யவும் உச்ச நீதிமன்றம் பணித்தது. விண்ணப்பங்கள் வல்லுநர் குழு, தொழில்நுட்பக் குழு, உயர்நிலைக் குழு என மூன்று படிகளைக் கடக்க வேண்டியதாயிற்று. ஓர் ஆய்வாளர் ஒரே நேரத்தில் மூன்று ஆய்வுகளுக்கு மேல் நடத்தக் கூடாது என 2014 ஆம் ஆண்டு வரம்பு விதிக்கப்பட்டது.

இக்காலத்தில் புதிய ஆய்வுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. வெளிநாட்டு நிறுவனங்களோடு உள்நாட்டுப் பொதுத்துறை ஆய்வாளரும் இதனால் இடர்ப்பட்டனர். 2015 இல் ஒளிப்பதிவுக் கட்டாயம், நலிந்த பிரிவினர் பங்கேற்கும் புதிய வேதிப் பொருள் ஆய்வுகளுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. மூன்று ஆய்வு வரம்பு 2016 இல் நீக்கப்பட்டது.

2019 ஆம் ஆண்டு விதிகள்

2019 மார்ச் 19 அன்று 'புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள்' அரசிதழில் வெளியாயின. இவை அலுவலகத்துக்குக் காலக்கெடு விதித்து, பங்கேற்பாளருக்கான காப்புகளையும் தனியே வகுத்தன.

தடை நீக்கும் கூறுகள்:
- இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டு இங்கேயே தயாரித்து விற்கப்படவிருக்கும் மருந்தின் ஆய்வு விண்ணப்பத்துக்கு 30 வேலை நாட்களுள் முடிவு தெரிவிக்க வேண்டும். மறுமொழி இல்லையெனில் அனுமதி வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.
- ஏனைய மருந்துகளுக்கு 90 வேலை நாட்கள்.
- தனக்கென நெறிமுறைக் குழு இல்லாத மருத்துவமனை, அதே நகரிலோ 50 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளோ உள்ள மற்றொரு குழுவின் ஒப்புதலைப் பெறலாம்.
- விற்பனை அனுமதியை நோக்கமாகக் கொள்ளாத கல்விசார் ஆய்வுகளுக்கு, நெறிமுறைக் குழு ஒப்புதல் இருப்பின் அரசின் தனி அனுமதி பொதுவாகத் தேவையில்லை.

காப்புக் கூறுகள்:
- நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 உறுப்பினர் இருத்தல் வேண்டும். அவர்களுள் பாதிப் பேர் அந்நிறுவனத்தைச் சாராதவராக இருத்தல் வேண்டும்.
- கடும் பாதிப்பு நேர்ந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துள் அறிவிக்க வேண்டும்.
- ஆய்வினால் இறப்பு நேர்ந்தால் 8 இலட்சம் ரூபாயை அடிப்படைத் தொகையாகக் கொண்டு, வயது, நோயின் கடுமை ஆகியவற்றுக்கு ஏற்ப இழப்பீடு கணக்கிடப்படும்.

விமர்சனங்கள்

மறுமொழி இல்லாமையை அனுமதியாகக் கொள்ளும் விதி அதிகம் விவாதிக்கப்படுகிறது. இது அலுவலர் விரைந்து செயற்பட வழிவகுக்கும் என்பது ஆதரிப்போர் கருத்து. எவரும் முழுமையாகப் படிக்காத விண்ணப்பமும் அனுமதி பெறக்கூடும், அதன் விளைவைச் சுமப்பவர் தாமதத்துக்குப் பொறுப்பான அலுவலர் அல்லர், ஆய்வில் பங்கேற்பவரே என்பது எதிர்ப்போர் வாதம். இத்தகைய நிலையில் நெறிமுறைக் குழுவே எஞ்சிய காவலாக அமைகின்றது. ஆகவே காலக்கெடுவின் பாதுகாப்பு, அக்குழுக்களின் திறனையும் தன்னுரிமையையும் பெரிதும் சார்ந்துள்ளது எனலாம்.

பிந்தைய மாற்றங்கள்

வெளிநாட்டில் ஒப்புதல் பெற்ற சில மருந்துகளுக்கு உள்நாட்டு ஆய்விலிருந்து விலக்களிக்க 2019 ஆம் ஆண்டு விதிகள் இடமளித்தன. இதற்குரிய நாடுகளாக ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், சப்பான், ஆத்திரேலியா, கனடா ஆகியனவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2024 ஆகத்து 7 அன்று அறிவிக்கப்பட்டன. அரிய நோய் மருந்துகள், மரபணு மற்றும் உயிரணு மருத்துவம் முதலிய குறித்த வகைகளுக்கே இது பொருந்தும். விலக்குப் பெறும் மருந்துகளை விற்பனைக்குப் பின்னர் நான்காம் கட்ட ஆய்வின் மூலம் கண்காணிக்க விதிகள் வகைசெய்கின்றன.