தங்க நிறத்தில் 2 ரூபாய் கிடைச்சுதா? முலாமா, மின்ட் எரரா... கண்டுபிடிப்பது எப்படி?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். கண்டக்டர் கொடுத்த சில்லறையில் 2015 என்று பொறித்த 2 ரூபாய் ஒன்று தங்கமாக மின்னுகிறது. ‘எரர் காயின், லட்சக்கணக்கில் போகும்’ என்ற ரீல்ஸ் ஞாபகத்துக்கு வரும். கொஞ்சம் பொறுங்க!

அதே பஸ் வழியில் இருக்கும் திருவானைக்காவல் கோயிலில் 2020 பிப்ரவரியில் மண்ணைத் தோண்டியபோது 505 தங்க நாணயங்கள் கிடைத்தன. அது நிஜப் புதையல். சில்லறையில் வரும் ‘தங்கம்’ பெரும்பாலும் வெறும் முலாம்.

மின்ட் எரர் என்றால் என்ன?

மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளில் நம் நாணயங்கள் தயாராகின்றன. அங்கே அச்சிடும்போதே நேரும் பிழைதான் மின்ட் எரர். அச்சு மையம் விலகுவது, வில்லையின் ஓரம் வெட்டுப்படுவது, வேறு நாணயத்துக்கான வில்லையில் அச்சு விழுவது எல்லாம் இதில் அடக்கம். வெளியே வந்த பிறகு பூசுவது, அரத்தால் தேய்ப்பது, மண்ணிலும் தண்ணீரிலும் கிடந்து நிறம் மாறுவது எதுவும் எரர் ஆகாது. காவிரியில் பல நாள் கிடந்த காசு கறுத்துப்போவதும் அப்படித்தான்.

முதல் டெஸ்ட்: காந்தம்

2015 வருட 2 ரூபாய் ஃபெரிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஆனது, காந்தத்தில் ஒட்டும். 5 ரூபாய் நிக்கல் பித்தளை, ஒட்டாது. தங்க நிற 2 ரூபாய் காந்தத்தில் ‘டக்’கென்று ஒட்டினால், உள்ளே இருப்பது அதே ஸ்டீல். மேலே பூச்சு, அவ்வளவுதான்.

இரண்டாவது: எடை, அளவு

2015 வருட 2 ரூபாய் 25 மி.மீ. விட்டம், 4.85 கிராம். அதே வருட 5 ரூபாய் 23 மி.மீ., 6 கிராம். ஒருவேளை 5 ரூபாய் வில்லையில் 2 ரூபாய் அச்சு விழுந்திருந்தால் எடை 6 கிராம் காட்டும், காந்தத்தில் ஒட்டாது, சின்ன வில்லை என்பதால் ஓரத்து டிசைன் முழுசாக இருக்காது. மூன்றும் சேர்ந்து பொருந்தணும். பெரிய கடை வீதியில் தெரிந்த நகைக்கடை இருந்தால், அங்குள்ள தராசில் ஒரு நிமிட வேலை.

5 ரூபாயில் மட்டும் உஷார். 2007-ல் வந்த ஸ்டீல் 5 ரூபாயும், 2009-ல் வந்த பித்தளை 5 ரூபாயும் ஒரே எடை, ஒரே அளவு. இங்கே தராசு கைவிடும், காந்தம்தான் காப்பாற்றும்.

மூன்றாவது: லென்ஸ்

* கீறலின் பள்ளத்துக்குள்ளும் தங்க நிறம் இருக்கிறதா? புழக்கத்தில் கீறல் விழுந்த பிறகு பூசியிருக்கிறார்கள்.
* சிங்கத் தலை, எண் போன்ற மேடான இடங்களில் வெள்ளை எட்டிப்பார்க்கிறதா? முலாம் தேய்கிறது.
* ஓரம் வெட்டுப்பட்ட நாணயமா? அசல் பிழையில், வெட்டுக்கு நேர் எதிர்ப்புற விளிம்பு பெரும்பாலும் மங்கலாக இருக்கும். அரத்தால் வெட்டியதில் எதிர்ப்புறம் கச்சிதமாக இருக்கும்.

ஒரு விஷயம்: காந்தத்தில் ஒட்டவில்லை என்பதாலேயே எரர் உறுதி ஆகிவிடாது. எல்லா டெஸ்ட்டும் ஒரே பதிலைச் சொன்னால் மட்டும், அனுபவமுள்ள நாணயச் சேகரிப்பாளரிடம் நேரில் காட்டலாம். அதுவரை புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்க வேண்டாம். அசலாகவே இருந்தாலும் மதிப்பு போய்விடும்.

பணம் கேட்டால்?

பழைய நாணயம் வாங்குகிறோம், விற்றுத் தருகிறோம் என்று சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணம், கமிஷன், வரி கேட்கும் கும்பல்கள் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. தாங்கள் அப்படி எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. காசு வாங்குகிறவர்தான் பணம் தரணும். விற்கிற உங்களிடம் ‘முதல்ல ஜிபே பண்ணுங்க’ என்றால், அங்கேயே பிளாக் பண்ணிடுங்க.

அந்த மின்னும் 2 ரூபாயை என்ன செய்வது? ஃபிரிட்ஜ் மேக்னட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால், அதன் மதிப்பு இரண்டே ரூபாய்.