ஒரே சிப்புக்குள் 144 கம்ப்யூட்டர்!

உங்களுக்குத் தெரியுமா? ஒரு சென்டிமீட்டர் சதுரம்தான் அந்தச் சிப். உள்ளே குடியிருக்கும் கம்ப்யூட்டர்கள் 144! வரிசைக்கு 18, மொத்தம் 8 வரிசை. பெயர் ஜிஏ144, தயாரிப்பு அமெரிக்காவின் கிரீன்அரேஸ்.

ஃபோர்த் மொழியைப் படைத்தவர் சக் மூர். அந்த மொழி பேசும் இந்தச் சிப்பும் அவர் கைவண்ணமே. சிப்பை வரைந்த சாஃப்ட்வேர்? அதையும் அவரே எழுதினார்!

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் எவ்வளவு ரேம் மெமரி தெரியுமா? ஜிபி இல்லை, எம்பி இல்லை, ஒரு கேபிகூட இல்லை. 18 பிட் சொற்கள் வெறும் 64! 144 கம்ப்யூட்டரின் ரேமையும் கூட்டிப் பாருங்கள்: 20,736 பைட்!

கட்டளை ஒன்றுக்கு 5 பிட். 18 பிட்டில் மூன்று கட்டளை போக, மிச்சம் 3 பிட். மூர் விடுவாரா? நாலாவதையும் அந்த இடுக்கில் திணித்துவிட்டார்! ஆனால் 32 கட்டளைகளில் அங்கே நுழைபவை 8 மட்டும்.

கழித்தலுக்குக் கட்டளையே கிடையாது! பிட்டுகளைத் தலைகீழாக்கிக் கூட்டித்தான் கழிக்க வேண்டும். பெருக்கலா? 18 படி!

எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று கேட்டால் பதிலே இல்லை. சிப்பில் க்ளாக்கே கிடையாது! வேலை வந்தால் ஓடும், இல்லாவிட்டால் தூங்கும். தூங்கும் கம்ப்யூட்டர் தின்பது சுமார் 100 நானோவாட்!

பக்கத்துக் கம்ப்யூட்டரிடம் தகவல் கேட்டால், அது தரும்வரை கேட்டவருக்குத் தூக்கம். சரி, இரண்டும் ஒரே சமயத்தில் ஒன்றையொன்று கேட்டுவிட்டால்? இரண்டும் கும்பகர்ணன்தான்! புரோகிராம் எழுதியவருக்கோ தூக்கம் போச்சு!

வெளியுலகத் தொடர்பெல்லாம் ஓரத்தில் இருப்பவர்களுக்குத்தான். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குத் தகவல் போக 24 தாவல்! வழியில் இருக்கும் 23 பேரும் கூரியர் வேலை பார்த்தாக வேண்டும்.

இன்னொரு கூத்தைக் கேளுங்கள். ஒரு கம்ப்யூட்டரின் ‘வலது’ வாசல், பக்கத்துக் கம்ப்யூட்டரின் ‘வலது’ வாசலோடுதான் ஒட்டியிருக்கும்! இவருக்கு வலது கிழக்கு என்றால் அவருக்கு வலது மேற்கு. தலை சுற்றுகிறதா? புரோகிராம் எழுதுபவருக்கும் அப்படித்தான்!

மெமரி போதவில்லையா? பக்கத்து வாசல் வழியே வரும் கட்டளைகளைச் சேமிக்காமலே ஓட்டலாம்!

ஃபோர்த் சிப் என்றால் இளப்பமா? மூரின் நோவிக்ஸ் சிப்புக்கு வாரிசு ஆர்டிஎக்ஸ்2010. 2014-இல் 67பி வால்நட்சத்திரத்தில் இறங்கிய ஃபிலே கலத்துக்குள் இருந்தது அதுதான். பூமியிலிருந்து சுமார் 51 கோடி கிலோமீட்டர்!