அறுந்த படச்சுருளை இணைப்போம்

கைத்தொலைபேசியில் காணொலி எடுக்கும் வழக்கம் வருவதற்கு முன்பு, வசதியுள்ள குடும்பங்கள் திருமணம், காதணி விழா, சுற்றுலா போன்றவற்றைச் சிறிய படக்கருவியால் பதிவு செய்தன. அதற்கான 8 மில்லிமீட்டர் படச்சுருளை கோடாக் நிறுவனம் 1932ஆம் ஆண்டிலும் சூப்பர் 8 சுருளை 1965ஆம் ஆண்டிலும் அறிமுகப்படுத்தியது.

இச்சுருள்களுக்குப் பெரும்பாலும் மறுபிரதி கிடையாது. படக்கருவிக்குள் ஓடிய சுருளே கழுவப்பட்டுத் திரையிடவும் பயன்பட்டது. எனவே, அது அழிந்தால் அதிலுள்ள காட்சியும் அழிந்துவிடும். முதல் தமிழ்ப் பேசும் படமாகக் கருதப்படும் ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. திரையரங்குகளில் ஓடிய அப்படத்தின் ஒரு பிரதிகூட இன்று கிடைக்கவில்லை. அப்படியானால், ஒரே ஒரு பிரதியாக இருக்கும் வீட்டுச் சுருளின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

படச்சுருளின் பெரும்பகைவர்கள் வெப்பமும் ஈரப்பதமும் ஆகும். பழைய சுருள்களின் அடித்தளம் அசிட்டேட் எனும் பொருளால் ஆனது. அது சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும். பெட்டியைத் திறந்தவுடன் காடியின் புளிப்பு நெடி வீசினால், சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். வெளியாகும் அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். அருகிலுள்ள சுருள்களையும் தாக்கும். ஆதலால், நெடி வீசும் சுருளை உடனே தனியே பிரித்து வைக்க வேண்டும்.

பழைய சுருளைக் கண்டவுடன் படம் காட்டும் கருவியில் மாட்டிவிடக்கூடாது. சுருங்கி விறைத்துப்போன சுருளைக் கருவியின் பற்கள் கிழித்துவிடும். முதலில் பருத்திக் கையுறை அணிந்து, சுருளின் ஓரங்களை மட்டும் பிடித்து, கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். கிழிசல், உடைந்த துளை, பிரிந்துபோன பழைய ஒட்டு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அறுந்த இடத்தை இணைக்க இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது, பசை முறை. சுருளின் பளபளப்பான பக்கம் அடித்தளம்; மங்கலான பக்கத்தில்தான் படம் பதிந்துள்ளது. ஒரு முனையிலுள்ள படப்பூச்சைச் சுரண்டி நீக்கி, அதற்குரிய பசையைத் தடவி, மறுமுனையை அதன்மேல் வைத்து அழுத்த வேண்டும். இப்பசை அடித்தளத்தைச் சற்றே கரைத்து, இரு முனைகளையும் ஒன்றாக்கிவிடும். பாலியெஸ்டர் சுருளை இப்பசை கரைக்காது. ஆகவே, அதற்கு இம்முறை பயன்படாது.

இரண்டாவது, ஒட்டுநாடா முறை. இரு முனைகளையும் நேராக வெட்டி, ஒட்டும் கருவியிலுள்ள ஊசிகளில் துளைகளைப் பொருத்தி, இரு பக்கமும் துளையிட்ட நாடாவை ஒட்ட வேண்டும். இதில் படங்கள் வீணாவது குறைவு. சாதாரண ஒட்டுநாடாவைப் பயன்படுத்தக்கூடாது. அதன் பசை நாளடைவில் கசிந்து, அடுத்த சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும்.

சூப்பர் 8 படத்தில் ஒரு நொடிக்கு 18 படங்கள் ஓடும். கவனமின்றி ஒரு சாண் நீளம் வெட்டி எறிந்தால், ஏறக்குறைய மூன்று நொடிகள் மறைந்துவிடும். மறைந்த தாத்தா ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்த நேரம் அவ்வளவாகவே இருக்கலாம்!

பழுது நீக்கிய சுருளை மின்னியல் வடிவிற்கு மாற்றிக்கொள்வது நன்று. எனினும், மூலச்சுருளை வீசிவிடக்கூடாது. தகரக் கூரையின் வெப்பம் தாக்காத, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் அதை வைக்க வேண்டும். ஜெஞ்சாரோம் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் இதில் கூடுதல் கவனம் தேவை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. அங்கிருந்த லயன்களையும் கோயில்களையும் பள்ளிகளையும் இத்தகைய சுருள்கள் நமக்குக் காட்டக்கூடும். ஆனால், வீட்டுப் படங்களில் பெரும்பாலானவை ஊமைப்படங்கள். திரையில் தோன்றுபவர் யார், அந்த இடம் எது என்பதைச் சுருள் சொல்லாது. மூத்தோரே சொல்ல வேண்டும். ஆகவே, அவர்களுடன் அமர்ந்து படத்தைப் பார்த்து, பெயர்களையும் இடங்களையும் எழுதிப் பெட்டியில் ஒட்டி வைப்போம். அறுந்த சுருளை இணைப்பதைப் போன்றே இதுவும் இன்றியமையாத பணியாகும்.