வக்கீலிடம் போகுமுன்...

சீமையின் பழைய வழக்கப்படி பாரிஸ்டரை நேரே பார்க்க முடியாது. சொலிசிட்டர்தான் பாரிஸ்டரின் கிராணியிடம் நாளும் கட்டணமும் பேசி முடிப்பார். நம் தோட்டத்துப் பெரிய கிராணி போல, அவர் மனம் வைத்தால்தான் காரியம் நடக்கும்!

சிங்கப்பூரில் அந்தச் சுற்றுவழி இல்லை. இரு வேலையையும் ஒரே வக்கீல் பார்க்கிறார். ஆகவே தேக்காவில் வந்து ஒட்டிக்கொள்ளும் தரகர் உங்களுக்கு எதற்கு? ஆள் பிடித்துத் தருபவருக்கு வக்கீல் கமிஷன் கொடுப்பதே தொழில் விதிக்கு விரோதம். வழக்கில் கிடைக்கும் நஷ்ட ஈட்டில் பங்கு பேசுவதும் கூடாது.

வக்கீலின் கிராணி ஓர் அதிகாரப் பத்திரத்தை நீட்டுவார். அதில் கையெழுத்திட்டால் உங்களுக்காகப் பேசும் உரிமை வக்கீலுக்குப் போய்விடும். எந்தக் காரியத்துக்கு, எவ்வளவு கட்டணம் என்று எழுத்தில் வாங்கிய பிறகே பேனாவைத் தொடுங்கள். ரசீதில்லாமல் ஒரு காசும் வேண்டாம். சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் காயமா? விபத்து நடந்த ஓர் ஆண்டுக்குள் மனிதவள அமைச்சில் நஷ்ட ஈடு கேட்கலாம். அதற்கு வக்கீல் அவசியமில்லை. நீதிமன்ற வழக்கு வேறு வழி. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், யோசித்துப் போங்கள்.

சம்பள பாக்கிக்கோ வக்கீலே வர முடியாது. முதலில் சமரசப் பேச்சு. முடியாவிட்டால் 2017-இல் தொடங்கிய தொழிலாளர் கோரிக்கை மன்றம். 1958-இல் ஏற்பட்ட அரசாங்கச் சட்ட உதவி பொதுவாகக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே. பெர்மிட்டில் போன பிள்ளைகள் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வேலையை விட்ட 6 மாதத்துக்குள் சம்பள மனு கொடுத்தாக வேண்டும். தோட்டத்துக்குத் திரும்பி வந்து, தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்றால் தவணை போய்விடும்.